முதலெழுத்தை நீக்கிய நாற்பது வரி

தங்கமுத்துவின் கையில் ஒரு நிவாரண அட்டை இருந்தது. அந்த அட்டைக்காரி அவள் இல்லை என்று கணினி சொல்லிவிட்டதாம். மூதூரிலிருந்து காலை லோஞ்சுப் படகில் வந்து இறங்கி, இரண்டு சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டி, உட்துறைமுக வீதியில் இருந்த அந்தத் தொண்டு நிறுவனத்தை விசாரித்துப் பிடித்து, செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு, அங்கே கணினிப் பதிவுகளைப் பார்க்கிற கனகசுந்தரத்தின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். உட்காரக் கதிரையைக் காட்டினான். அவள் இருக்கவில்லை.

ஈச்சிலம்பற்று ஆள். புருஷன் கந்தப்போடியைக் கடல் கொண்டுபோய் இரண்டரை வருஷம். போன வருஷக் கடைசியில் ஷெல் விழுந்து ஊரே எழும்பி ஓடியபோது இரண்டு பிள்ளைகளோடு அவளும் ஓடினாள். ஒரு பள்ளிக்கூட முகாமில் பதிவு எழுதி அட்டை கொடுத்தார்கள். இரண்டு மாதம் அரிசியும் பருப்பும் வந்தன. சித்திரையில் அவளுடைய இலக்கம் மட்டும் பட்டியலில் இல்லாமற் போனது. கேட்டதற்கு, நீ இரண்டு அட்டை எடுத்திருக்கிறாய் என்றார்கள். பிறகு ஊருக்குத் திரும்புகிறவர்களின் பஸ் பட்டியல் வந்தது. அதிலும் அவள் இல்லை. இருந்தும் அட்டையைக் காட்டி ஏறப் பார்த்தாள். வழியில் சாவடியில் மறித்தார்கள். இலக்கம் ரத்தான அட்டை. அப்படியென்றால் இது யாருடைய அட்டை, நீ யார்? அந்த யுத்தக் காலத்தில் அந்தக் கேள்வி அரிசியோடு நிற்கிற கேள்வி அல்ல. காலையிலிருந்து பொழுது படும் வரைக்கும் அவளை இருத்தி வைத்து விசாரித்தார்கள். பிள்ளைகள் வெளியே ஒரு வேப்பமரத்தடியில் இருந்தார்கள்.

எல்லாவற்றையும் வேறு யாருக்கோ நடந்ததுபோல அமைதியாகச் சொன்னாள். கடைசியில் சொன்னது மட்டும் வேறு மாதிரி இருந்தது.

“பட்டினிய விடுங்க ஐயா. முகாமில எனக்குக் கள்ளி எண்டு பேர் வைச்சிட்டாங்க. தண்ணிக்கு வரிசையில நிண்டாலும் பின்னால கதைக்கிறாங்க.”

கனகசுந்தரம் அவளுடைய இலக்கத்தை அடித்தான். திரையில் வந்தது: க. தங்கமுத்து, ஈச்சிலம்பற்று, வயது 35. இரட்டைப் பதிவு, நீக்கப்பட்டது. அதற்குக் கீழே அவள் யாருடைய இரட்டை என்று இருந்தது: கா. தங்கமுத்து, ஈச்சிலம்பற்று, வயது 38.

“இது ஆர், இந்தக் கா. தங்கமுத்து?” என்று கேட்டான்.

பெரியம்மாவின் மகள் என்றாள் அவள். இரண்டு பேருக்கும் ஒரே ஆளின் பெயரைத்தான் வைத்தார்களாம். அக்காவின் புருஷன் கட்டாரில் இருக்கிறார். அக்கா போன கிழமையே ஊருக்குப் போய்விட்டாள்.

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். இனித் தேட ஒன்றும் இல்லை. பிழை எந்த வரியில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியும்.

*

தை மாதம் இதே அறையில் ஒரு கூட்டம் நடந்தது. நாலாயிரம் குடும்பங்களின் விபரத்தை எந்த மென்பொருளில் ஏற்றுவது என்பதுதான் கதை. பொறுப்பாளர் ஸெய்னுதீன் கிண்ணியாக்காரர். இருபது வருஷம் அரச அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கிற இலிகிதராக இருந்து ஓய்வெடுத்துவிட்டு இங்கே வந்தவர். அவர் கொழும்பில் ஒரு கொம்பனியைப் பார்த்து வைத்திருந்தார். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பொறியியலாளர் வந்து அவர்களுடைய மென்பொருளைப் போட்டுக் காட்டினார். கணினியின் பின்னால் விரல் நீளத்தில் ஒரு சாவியைச் செருகினால்தான் அது வேலை செய்யும். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்பது கொம்பனிக்கு மட்டுமே தெரியும். வாங்குகிறவன் பாவிக்கலாம், திறந்து பார்க்க ஏலாது.

கனகசுந்தரம் வேறொன்றைக் கொண்டுவந்தான். அதை எழுதியவர்கள் பத்து நாடுகளில் இருந்தார்கள். எழுதின ஒவ்வொரு வரியும் எல்லாருக்கும் திறந்து கிடந்தது. யாரும் எடுக்கலாம், வாசிக்கலாம், தன் ஊருக்கு ஏற்றமாதிரி மாற்றலாம். மாற்றினால் அதைத் திரும்ப அந்தக் கூட்டத்துக்கே அனுப்ப வேண்டும் என்பது எழுதாத மரியாதை.

அவன் அதற்காக வாதாடியதற்குப் படிப்பு மட்டும் காரணமில்லை. முந்தி சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தில் கணினிப் பகுதியில் இருந்தவன். அங்கே வாங்கி வைத்திருந்த மென்பொருளைச் செய்த ஆட்கள் ஒருநாள் கடையை மூடிக்கொண்டு போனார்கள். சாவி பழுதானது. மூன்று வருஷத்துப் பதிவுகள் உள்ளேயே கிடந்து போயின. அதை அவன் கூட்டத்தில் சொன்னான். இங்கே போன் லைன் வாரத்தில் மூன்று நாள் செத்துக் கிடக்கிறது, பாதை பூட்டினால் கொழும்புப் பொறியியலாளர் எப்படி வருவார் என்றும் கேட்டான்.

ஸெய்னுதீன் லேசில் விடவில்லை. கொம்பனி என்றால் ஒருவன் எழுதுவான், இன்னும் இரண்டு பேர் சோதிப்பார்கள், பிறகுதான் வெளியில் விடுவார்கள். பிழை என்றால் அவர்கள் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது என்றார். எல்லாரும் கைவைக்கிற சாமானுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான் என்று கனகசுந்தரத்துக்கு அப்போதே பட்டது. ஆனால் வாதத்தில் இருக்கிறவன் அதை ஒத்துக்கொள்வானா?

“ஆயிரங் கண்ணுடையாள் மாதிரி சேர். ஆயிரம் பேர் பார்க்கிறாங்கள். பிழை ஒளிக்க இடமில்லை,” என்றான்.

“திறந்த வீட்டுக்குள்ள நாயும் வரும் தம்பி,” என்றார் ஸெய்னுதீன். எல்லாரும் சிரித்தார்கள். பதிவுகளை ரைப் அடிக்க வந்திருந்த அசனாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கின பிறகு அவர் கேட்டார்: “சரி. பிழை வந்தா யாருக்கு ரெலிபோன் எடுக்கிறது?”

“எனக்கு எடுங்க சேர்.”

அந்த ஒரு சொல்லில்தான் அவன் வென்றான்.

*

பங்குனியில் இரட்டைப் பதிவு பற்றிய முறைப்பாடுகள் வந்தன. ஒரே ஆள் இரண்டு முகாமில் அட்டை எடுக்கிறார் என்று தலைமை அலுவலகம் கடிதம் எழுதியது. மென்பொருளில் இரட்டையைப் பிடிக்கிற பகுதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இருக்கிற நாட்டுக்காரர் எழுதியது. நம்முடைய பெயரை அதற்குத் தெரியாது. இங்கே ஒரு பெண் கலியாணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்தைப் போடுவாள், பின் புருஷனின் முதலெழுத்தைப் போடுவாள். அவசரத்தில் பதிவு எழுதும்போது ஒரு முகாமில் ஒன்றைச் சொல்வாள், மற்றதில் மற்றதைச் சொல்வாள். கணினிக்கு அது இரண்டு ஆள்.

கனகசுந்தரம் இதைக் கண்டுபிடித்தபோது அவனுக்குச் சரியான சந்தோஷம். பத்து நாட்டு ஆட்களுக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பது வரி எழுதினான். பெண் என்றால் முதலெழுத்தை நீக்கிவிடு. பெயர் ஒன்று, ஊர் ஒன்று, வயதில் ஐந்துக்கு மேல் வித்தியாசமில்லை என்றால் இருவரும் ஒருவரே. பிந்தி எழுதிய அட்டையை நீக்கு. ஓடவிட்டான். நாற்பத்துமூன்று அட்டை பட்டியலிலிருந்து விழுந்தது. ஸெய்னுதீன் முதுகில் தட்டினார்.

அந்த நாற்பது வரியை அவன் அந்த ஆயிரம் பேருக்கு அனுப்பவில்லை. அனுப்புவதென்றால் இது என்ன, ஏன் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். அவனுடைய ஆங்கிலம் வாசிக்கப் போதும். எழுதினால் கால் இடறும். உலகம் பார்க்கிற இடத்தில் இடற வெட்கமாக இருந்தது. கொஞ்சம் திருத்திவிட்டு அனுப்பலாம் என்று வைத்தான். பிறகு மறந்துபோனான். மறந்தான் என்பதும் முழு உண்மை இல்லை.

*

தங்கமுத்துவின் பெயரை அவன் கையாலேயே திரும்பச் சேர்த்தான். முத்திரை குத்திய ஒரு கடிதமும் கொடுத்தான். அவள் அதை இரண்டாக மடித்து நெஞ்சுச் சட்டைக்குள் வைத்தாள். “இதில நான் கள்ளி இல்லை எண்டு இருக்கா ஐயா?” என்று கேட்டாள். பதிவு சரியானது என்று இருக்கிறது என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு இரண்டு மணி லோஞ்சைப் பிடிக்கப் போனாள்.

மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. நாற்பத்துமூன்று அட்டைகளையும் எழுதின படிவங்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தான். ஆறு பேர் உண்மையாகவே இரண்டு அட்டை எடுத்தவர்கள். மற்ற முப்பத்தேழு பேரும் வேறு வேறு ஆட்கள். இரண்டு கனகம்மா, மூன்று ராசமலர். எல்லாரும் பெண்கள். பெண்ணின் பெயரில் அட்டை இருந்தால் அந்த வீட்டில் ஆண் இல்லை என்று அர்த்தம். புருஷன் இல்லாத முப்பத்தேழு வீட்டை அவன் தேடிப் பிடித்து அரிசியை நிறுத்தியிருக்கிறான். அந்த வேலைக்கென்றே எழுதினால்கூட இவ்வளவு துல்லியமாக எழுத ஏலாது.

அவர்களையும் திரும்பச் சேர்த்தான். அதை ஒளிக்க ஏலாது. பட்டியல் ஸெய்னுதீனின் கையெழுத்துக்குப் போக வேண்டும். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். முப்பத்தேழா என்றார். பிறகு கேட்டார்:

“என்ன தம்பி, ரைப்பிங் பிழையா?”

அந்த நேரத்தில் சீனன்குடாப் பக்கமிருந்து ஒரு விமானம் எழும்பிக் கூரைக்கு மேலால் போனது. சத்தம் அடங்கும் வரைக்கும் ஸெய்னுதீன் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். யோசிக்க அவனுக்கு வேண்டிய நேரம் கிடைத்தது. யோசிக்காமல் சொன்னான் என்று அவன் பிறகு ஒருபோதும் தனக்குச் சொல்லிக்கொள்ள ஏலாது.

“இருக்கலாம் சேர்.”

அவ்வளவுதான் சொன்னான். அசனாவின் பெயரை அவன் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை. அந்த அலுவலகத்தில் ரைப் அடிக்கிற ஆள் ஒருத்திதான்.

ஒரு பெயரில் பிழை இருந்திருந்தால் கவனக்குறைவு என்று விட்டிருப்பார்கள். முப்பத்தேழு பெயரை எப்படி விடுவது? அவன் சரிசெய்யச் சரிசெய்ய அவளுடைய குற்றம்தான் கூடியது. ஸெய்னுதீன் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அசனாவுடையது மாதத்துக்கு மாதம் நீடிக்கிற வேலை; இந்த மாதம் நீடிக்க வேண்டாம் என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகமுன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். கடிந்து சொல்லவில்லை. தன் ஊர்ப் பிள்ளை, தகப்பனைத் தெரியும், அவருக்கே கஷ்டமாக இருந்தது.

அசனா அழவில்லை. மேசையில் கிடந்த பட்டியலைத் திருப்பிப் பார்த்தாள்.

“சேர், நான் பிழையா அடிச்சிருந்தா பேர் பிழையா நிக்கணும். பேரெல்லாம் சரியாத்தான் நிக்குது. ஆளத்தான் காணல்ல.”

அதைவிடத் தெளிவாக அந்தப் பிழையை யாரும் சொல்லியிருக்க ஏலாது. ஸெய்னுதீனுக்கு விளங்கவில்லை. விளங்கின ஒரே ஆள் அச்சு இயந்திரத்தில் தாளைச் சரிப்படுத்திக்கொண்டு நின்றான். அவள் தன் தேநீர்க் கோப்பையைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தாள். போகும்போது, “வாறன் அண்ணா,” என்றாள். “ஓம்,” என்றான்.

*

சனியும் ஞாயிறும் அவன் பாலையூற்றில் இருந்த தன் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. ஒரு கொப்பியை எடுத்து, அந்த ஆயிரம் பேருக்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுதிப் பார்த்தான். ஒரு சிறு பிழை என்று தொடங்கினான். சிறு என்பதை வெட்டினான். ஒரு பிழை நேர்ந்துவிட்டது என்று எழுதினான். தானாக நேர்ந்ததா? அதையும் வெட்டினான்.

தை மாதத்து வாதம் ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத பெட்டி ஆபத்து என்று சொன்னவன் அவன். அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரே பெட்டி இப்போது அவனுடைய நாற்பது வரிதான். கொழும்புக் கொம்பனியின் பெட்டியையாவது மூன்று பேர் பார்த்திருப்பார்கள். இதை அவனைத் தவிர ஒரு கண்ணும் பார்க்கவில்லை. மென்பொருளில் பிழையில்லை, அது கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. வெட்கத்தில் உள்ளே நின்று தாழ்ப்பாள் போட்டவன் அவன்.

இன்னொரு நினைப்பும் வந்தது. அதுதான் அவனை உலுக்கியது. பூட்டின பெட்டியை வாங்கியிருந்தால், இதே பிழைக்கு ஸெய்னுதீன் கொழும்புக்குக் கடிதம் எழுதியிருப்பார்; அவர்கள் பிழை தங்களுடையது இல்லை என்று பதில் எழுதியிருப்பார்கள்; அவர்களைக் கேடுகெட்டவர்கள் என்று முதல் ஆளாகச் சொல்லியிருப்பவன் அவன்தான்.

திங்கட்கிழமை காலை ஸெய்னுதீன் வந்து குடையை மடிக்கமுன் அவன் போய்ச் சொன்னான். முழுவதையும் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த நாற்பது வரியை வாசிக்க அவருக்குத் தெரியாது. ஆனாலும் அதை அச்சடித்த தாளைக் கையில் வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“பிழை வந்தா யாருக்கு ரெலிபோன் எடுக்கிறது எண்டு கேட்டன். எனக்கு எடுங்க எண்டீங்க,” என்றார். “எடுத்தனே தம்பி. செவ்வாய்க்கிழமை எடுத்தனே.”

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். தலைமை அலுவலகத்துக்குத் தான் எழுதுவதாகவும், அவர்கள் அவனை என்ன செய்வார்கள் என்று தெரியாது என்றும் சொன்னார். அசனாவிடம் சொல்லக் கிண்ணியாவுக்குத் தான் போகப் போவதில்லை, அவனே போக வேண்டும் என்றும் சொன்னார்.

*

கிண்ணியாத் துறையில் வாகனங்களையும் சனத்தையும் ஏற்றி இழுக்கிற, ‘பாதை’ என்கிற மிதவை அக்கரையில் நின்றது. அது வரும் வரைக்கும் வெயிலில் நின்றான். அந்த நாற்பது வரித் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான். வேர்வை பட்டு ஓரம் நனைந்துவிட்டது.

அசனாவின் வீட்டில் வாப்பா இல்லை. உம்மா கதிரை எடுத்துப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தா. கூட வேலை செய்த அண்ணன் பார்க்க வந்திருக்கிறார் என்று அந்த மனுஷி சந்தோஷப்பட்டது அவனுக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. கோப்பையைத் தொடாமல் சொன்னான். நான்தான் பிழை விட்டனான், உங்களுடைய ரைப்பிங்கில் ஒன்றும் இல்லை, அது எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்.

“செவ்வாய்க்கிழமையா?” என்று கேட்டாள் அசனா.

“ஓம்.”

“வெள்ளிக்கிழமை நான் கோப்பை கழுவக்குள்ளயும் தெரியும்.”

“ஓம்.”

உம்மா குசினிக்குள் போய்விட்டா. அசனா கையை நீட்டினாள். அவன் தாளைக் கொடுத்தான். இதை எனக்கு விளங்கச் சொல்லுங்க என்றாள். அவன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். வயது வரிக்கு வந்ததும் அவள் விரலை வைத்து மறித்தாள்.

“இந்த அஞ்சு எங்கால வந்த?”

“ஒரு மட்டுக்குப் போட்டனான்.”

“முகாமில படிவம் எழுதினதே நான்தானே. வயசு கேட்டா அந்தப் பொம்பிளையள் என்ன சொல்லுவாங்க தெரியுமா? நீங்களே பார்த்துப் போடுங்க பிள்ளை எண்டுவாங்க. நான் பார்த்துப் போட்டன். இளம் ஆளா இருந்தா முப்பது, பிள்ளைகள் வளர்ந்திருந்தா முப்பத்தஞ்சு, நரைச்சிருந்தா அம்பது. பாதி லிஸ்ற் என்ட கண் மதிப்பு.” தாளை மடித்தாள். “என்னட்டக் காட்டியிருந்தா ரெண்டு நிமிஷம். பக்கத்து மேசைதானே அண்ணா.”

அவன் அதற்கும் ஓம் என்றான்.

வேலைக்குத் திரும்பி வரலாம், ஸெய்னுதீன் சேர் எழுதுகிறார் என்றான். அதை வாப்பாவிடம் கேட்க வேண்டும் என்றாள். வருவாள் என்றோ வரமாட்டாள் என்றோ அவளுடைய முகத்தில் இருக்கவில்லை. பிழை தன்னுடையதில்லை என்று எழுத்தில் வேண்டும் என்றாள். ஒன்று தனக்கு. ஒன்று அந்த முகாமில் சுவரில் ஒட்ட, தமிழில், முப்பத்தேழு பேரின் பெயரையும் போட்டு. இன்னொன்று அந்த ஆயிரம் பேருக்கு.

“இங்கிலீஸ் பிழைச்சாப் பரவாயில்ல. அதைப் பார்த்து யாரும் பட்டினி கிடக்க மாட்டாங்க.”

கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அவன் முழங்காலில் வைத்து எழுதினான். முப்பத்தேழு குடும்பத்தின் அட்டைகளை நீக்கியது என்னுடைய பிழை. பதிவு செய்தவரின் பிழையோ அட்டை வைத்திருந்தவர்களின் களவோ அல்ல. கீழே சி. கனகசுந்தரம் என்று ஒப்பமிட்டு நீட்டினான்.

அவள் வாசித்தாள். வாங்கவில்லை.

“முதலெழுத்து மட்டும் போட்டாப் போதாது,” என்றாள். “வாப்பாட பேரை முழுசா எழுதுங்க. இந்த மாவட்டத்தில எத்தனை கனகசுந்தரம் இருப்பாங்க. பிறகு வேற யாரையும் பிடிச்சிருவாங்க.”

அவள் சிரிக்கவில்லை. அவன் தாளைத் திரும்ப வாங்கி, முதலெழுத்தை வெட்டிவிட்டு, அதற்கு மேலே சிற்றம்பலம் என்று எழுதினான். ஏழு எழுத்து. செத்துப் பதினொரு வருஷமான தகப்பனின் பெயரை அவன் முழுதாக எழுதி எத்தனையோ காலமாகிவிட்டது. இப்படி ஒரு தாளில் எழுத நேருமென்று நினைத்திருக்கவில்லை.

“இனிக் குடிங்க,” என்றாள் அசனா. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. குடித்தான்.

மிதவையில் திரும்பி வரும்போது, அலுவலகத்துக்குப் போனதும் அந்த நாற்பது வரிக்கு மேலே முதல் வரியாக எதை எழுத வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. யார் எழுதியது என்று அதில் இவ்வளவு நாளும் ஒரு பெயரும் இருக்கவில்லை.